கன்றுக் கொட்டகையில்தான் லைன் கட் ஆகும்

மார்ச் 3

தம்பிக்கு அக்கா எழுதுவது.

போனில் சொல்லவேண்டியதைத் தாளில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. வீட்டுக்குள் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அவர் காதுக்கு எட்டாத இடம் கன்றுக் கொட்டகை ஒன்றுதான். அங்கே போனால் உன் டவர்கள் இரண்டும் நீயா நானா என்று அடித்துக்கொண்டு லைனைக் கட் பண்ணிவிடும். பிடிக்காத பேச்சு வந்தால் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடப்பது நம் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். தீவனக் கம்பெனிக்காரனை நான் அப்படித்தான் கழற்றிவிட்டேன். இந்த விஷயத்தில் நீ அப்படி நழுவக் கூடாது. அதற்குத்தான் கடிதம்.

அப்பாவுக்கு ஜனவரியில் வந்தது லேசான பக்கவாதம் என்று உனக்குச் சொன்னோம். லேசானதுதான். வாய் கொஞ்சம் கோணியது, வலது கை நடுங்குகிறது, மற்றபடி அதே பெரியவர், அதே அதிகாரம். ஆனால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொண்ணு வரும்மா. எப்பன்னு சொல்ல முடியாது. வந்தா இந்த மாதிரி விட்டுட்டுப் போகாது. எழுத வேண்டியது, கையெழுத்துப் போட வேண்டியது எதுவா இருந்தாலும் இப்பவே முடிச்சிடுங்க."

பண்ணை முழுக்க அவர் பெயரில் இருக்கிறது. எதுவும் எழுதாமல் போய்விட்டால் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. இருபத்தாறு கறவை மாட்டுக்கு இருக்கிற புல்வெளியே போதவில்லை. பாதிப் பண்ணை என்று உலகத்தில் ஒன்று கிடையாதுடா. அம்மா இறந்தபோது ஆஸ்பத்திரியில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு வந்த நர்ஸ் நான். பதினேழு வருடம் ஆகிறது, அந்த லீவு இன்னும் முடியவில்லை. எனக்கு இதை விட்டால் வேறு எதுவும் இல்லை. வேறு வேலை இப்போது தெரியவும் தெரியாது.

அவரிடம் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அவன் வாயால வேண்டாம்னு சொல்லட்டும், மறுநாளே உன் பேருக்கு எழுதறேன்" என்றார். நீ சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. உனக்கும் இது வேண்டாம் என்று எனக்குத் தெரியும். இருபது வயதில் சாணி நாற்றம் ஒத்துக்கொள்ளாமல் ஓடினவன் நீ. சொல்லிவிடு.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. உறையில் தீவனத் தூசி இருந்தது. அலுவலகத்தில் வைத்துப் பிரித்தேன், பக்கத்து மேசைக்காரர் மூன்று முறை தும்மினார்.

"உன் டவர்கள்" என்று நீ எழுதுவதைப் பார்த்தால் நான் ஏதோ கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறாய் போல. நான் டவரைத் தொட்டதே இல்லை. ஒன்பதாவது மாடியில் ஜன்னல் திறக்காத ஒரு அறையில், இரண்டு திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ரயில் ஓடுகிறது என்று வைத்துக்கொள். அதற்குள் முந்நூறு பேர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த முந்நூறு போனையும் ஒரு டவர் அடுத்த டவரிடம் கைமாற்றிவிட வேண்டும். பேசுகிறவர்களுக்குத் தெரியவே கூடாது. புது டவர் பழையதைவிட எவ்வளவு பலமாகக் கேட்க வேண்டும், எவ்வளவு நேரம் அப்படியே கேட்க வேண்டும் என்று இரண்டு எண்கள் உண்டு. அந்த எண்களைத் திருத்துவதுதான் பன்னிரண்டு வருடமாக என் பிழைப்பு.

அவசரப்பட்டுக் கைமாற்றினால் போன் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும். உன் கன்றுக் கொட்டகையில் நடப்பது அதுதான். உங்கள் பக்கம் வேறு பிரிவின் பொறுப்பு, என்னைத் திட்டாதே. தாமதித்தால் இன்னும் மோசம். பழைய டவரின் சத்தம் தேய்ந்துகொண்டே போகும். "நீ அங்கே போ" என்று போனுக்குச் சொல்லவேண்டியது அந்தப் பழைய டவர்தான். சொல்லவேண்டிய நேரத்தில் அதற்குக் குரலே இருக்காது. எல்லாம் அங்கேயே அறுந்துவிடும். நம் பெரியவர் இரண்டாவது ரகம், என்ன சொல்கிறாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு எழுதுகிறேன். கண்டிப்பாக எழுதுகிறேன். எப்படி எழுதுவது என்றுதான் யோசிக்கிறேன். படுத்து எழுந்த மனிதரிடம் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல முடியாது. இங்கேயும் நிலைமை கொஞ்சம் குழப்பம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

அப்பா டவர் இல்லைடா. டவருக்குப் பிடிவாதம் கிடையாது.

நீ எழுதுவதாகச் சொன்ன கடிதம் வரவில்லை. அவர் தினமும் பதினோரு மணிக்குக் கேட்டருகே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். யார் கடிதம் என்று கேட்டால், "சும்மா பாத்தேன்" என்கிறார். நீ எழுதப் போகிறாய் என்று நான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று எழுதப் போகிறாய் என்று சொல்லவில்லை.

இங்கே நடப்பதைக் கேள். பாலைக் குளிரவைக்கிற தொட்டியின் தண்ணீர் வால்வை நான் திறந்து வைத்தால் அவர் வந்து மூடுகிறார். மூடினதைச் சொல்வதும் இல்லை. போன வாரம் ஒரு தொட்டிப் பால் கெட்டு, கொட்டினேன். "யாரைக் கேட்டுத் திறந்தே?" என்கிறார் என்னை. கன்றுக் கொட்டகையின் வடக்குச் சுவர் ஈரத்தில் ஊறிக்கிடக்கிறது, கன்றுகளுக்கு இருமல். இடித்துவிட்டு உயர்த்திக் கட்டலாம் என்று நாலு வருடமாகச் சொல்கிறேன். "அவன் வந்து பார்த்து முடிவு பண்ணட்டும்" என்கிறார். மாட்டு டாக்டர் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினால், இவர் நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார். வாங்கின சீட்டு அந்த நடுக்கத்தில் படபடக்கிறது. டாக்டர் வேறு எங்கோ பார்க்கிறார்.

எனக்குக் கோபம் வருகிறது, அந்தக் கையைப் பார்த்ததும் போய்விடுகிறது. மறுநாள் திரும்ப வருகிறது. நாற்பத்தாறு வயதில் வால்வு திறக்க அனுமதி கேட்டு நிற்கிறேன். இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல முடியும்?

குழப்பம் என்று ஏதோ எழுதியிருந்தாயே, என்ன அது? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆபீஸ் சமாசாரம், விடு.

நாலு முறை எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள அப்பா" என்பதைத் தாண்டவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவருக்கு நான் கடிதமே எழுதியதில்லை. முதல் கடிதமே "வேண்டாம்" என்று போனால் எப்படி இருக்கும் சொல். போனிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். முடித்துவிடுகிறேன், நம்பு.

தம்பி


மே 20

என் தங்கத் தம்பிக்கு,

என்னடா சொன்னாய் அவரிடம்?

நீ பேசின ஞாயிற்றுக்கிழமை நான் கறவையை முடித்துவிட்டு வந்தால், அப்பா சமையலறையில் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பால் லாரிக்காரர் எதிரே தேநீரோடு இருந்தார். "பையன் பேசினான்" என்றார் அப்பா. மறுநாள் சவரம் செய்துகொண்டார். புதன்கிழமை, அம்மா இருந்தபோது வாங்கின கோட்டைப் போட்டுக்கொண்டு பால் லாரியிலேயே ஏறிப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டார். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். "உனக்கெதுக்கு அலைச்சல்" என்றார். திரும்பி வந்தவர் அந்தக் காகிதத்தைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டார்.

நான் எதுவும் கேட்கவில்லை. பூட்டி வைக்கட்டும். அவருக்கும் ஒரு மரியாதை வேண்டும் இல்லையா? இரண்டு நாள் கழித்து, "வடக்குச் சுவரை இடிக்கட்டுமா அப்பா?" என்று கேட்டேன். "இடி, இனிமே என்ன" என்றார். நாலு வருடமாக வராத வார்த்தை. நான் மாட்டுத் தொட்டியருகே போய் நின்று அழுதேன். வேறெங்கே போய் அழுவது?

உன்னைப் பற்றி எத்தனையோ தப்பாக நினைத்தேன், மனதுக்குள் கண்டபடி திட்டினேன். மன்னித்துக்கொள். உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. சுவர் இடித்தாகிவிட்டது. பாதி எழும்பியும்விட்டது. கன்றுகளை வைக்கோல் கிடங்கில் கட்டியிருக்கிறேன், இருமல் குறைந்திருக்கிறது. இந்தத் தடவை லீவு போட்டு ஒரு வாரமாவது வா. விருந்தாளி மாதிரி உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறேன்.

உன் அக்கா


ஜூன் 6

அக்கா,

கடிதம் கிடைத்தது. நீ அழுததாக எழுதியிருந்ததைப் படித்தேன்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கட்டட வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வை. அந்தக் காகிதத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யலாமே. வயதானவர், என்ன எழுதினார் எப்படி எழுதினார் என்று யாருக்குத் தெரியும். சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

இங்கே வேலை அதிகம். அடுத்த மாதம் நிதானமாக எழுதுகிறேன்.

தம்பி


ஜூன் 24

நீ எதிர்பார்த்தது நடந்துவிட்டது, காகிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

பதினோராம் தேதி காலையில் அப்பா கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. டாக்டர் சொன்ன அந்த இரண்டாவதுதான். பேச்சு போய்விட்டது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. கண் திறந்திருக்கிறது, யாரைப் பார்க்கிறது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பழைய மருத்துவச் சீட்டுகளைக் கேட்டார்கள். தகரப் பெட்டியின் சாவி அவர் கோட்டுப் பையில் இருந்தது. மேலேயே இருந்தது தான பத்திரம்.

நிலம், வீடு, கொட்டகை, மெஷின், மாடு, அத்தனையும் உன் பெயரில். என் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: "மேற்படி வீட்டில் குடியிருக்கும் என் மகள் விரும்பும் வரை அங்கேயே வசிக்கலாம்." வசிக்கலாமாம்.

அவர் நினைவோடு, தெளிவோடுதான் எழுதியிருக்கிறார். பதிவாளர் அப்படிச் சான்று கொடுத்திருக்கிறார். இனிமேல் அவரிடம் கேட்கவும் முடியாது, அவரோடு சண்டை போடவும் முடியாது. குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுகிறேன், புண் வராமல் புரட்டிவிடுகிறேன். படித்த நர்ஸ் வேலை கடைசியில் இதற்கு உதவுகிறது.

உன்னிடம் ஒரே கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் என்ன சொன்னாய்?


ஜூலை 5

அக்கா, என் அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கூப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். "எனக்கு நாள் இல்லடா. பண்ணையை எடுத்துக்கறியா? எடுத்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் நிம்மதியாப் போயிடுவேன்" என்றார். அவர் என்னிடம் இது வரை எதையும் கேட்டதில்லை, அக்கா. கேட்கிற குரலே அவருக்குக் கிடையாது. "சரிப்பா" என்று வாயில் வந்துவிட்டது. முதலில் அவர் மனம் ஆறட்டும், அடுத்த மூச்சில் "ஆனா அக்காதானே பாத்துக்கறா, அவ பேருக்கு எழுதுங்க" என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் லைன் கட் ஆகிவிட்டது. உனக்குத்தான் தெரியுமே அங்கே லைன் எப்படி என்று. திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அது என் தப்பு.

ஆனால் இது சரிசெய்யக் கூடியதுதான். என் பெயரில் இருந்தால் என்ன, நான் உனக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு கையெழுத்துதானே. சுவரைக் கட்டு. எதையும் நிறுத்தாதே.

உன் தம்பி


ஜூலை 17

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு பால் லாரிக்காரரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அன்றைக்கு அவர்தானே கூட இருந்தார்.

அப்பா கன்றுக் கொட்டகைக்குப் போகவில்லை. எழுந்து வாசல் வரைகூடப் போகவில்லை. சமையலறையில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாராம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாராம். முகம் அப்படியே மலர்ந்துபோனதாம். அப்புறம் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைத்தாராம். "பையன் ஒத்துக்கிட்டான்யா" என்று லாரிக்காரரின் தொடையில் தட்டினாராம்.

சமையலறையில் லைன் கட் ஆகாது. பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூட ஆனதில்லை.

இன்னொன்று. நான் கறக்கிற நேரம் சாயங்காலம் ஐந்து மணி. நீ கூப்பிட்டதும் ஐந்து மணி. பிறந்ததிலிருந்து உனக்குத் தெரிந்த நேரம் அது.

பொய் சொல்கிறவனுக்குக்கூட ஒரு மரியாதை கொடுப்பேன், கேட்கிறவளை முட்டாளாக்காமல் இருந்தால். அப்பாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டது. என்னால் முடிந்த மட்டும் பார்த்தேன், வந்துவிட்டது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று.


ஜூலை 30

அக்கா,

நீ சொன்னது சரி. லைன் கட் ஆகவில்லை. நான் வைத்தேன்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு அழைப்பும் எப்படி முடிந்தது என்று பதிவாகும். டவரால் அறுந்ததா, போனே அணைந்ததா, பேசியவர் முடித்ததா என்று தனித் தனியாக இருக்கும். உன் கடிதம் வந்த அன்று, எனக்கு உரிமை இல்லாத பதிவேட்டைத் திறந்து அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பைத் தேடினேன். ஏன் தேடினேன் தெரியுமா? ஒருவேளை நிஜமாகவே அறுந்திருக்குமோ என்று எனக்கே ஒரு நப்பாசை. அவ்வளவு தடவை எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கைமாற்றம் எதுவும் நடக்கவில்லை, சிக்னல் முழுப் பலம். "அழைத்தவர் துண்டித்தார்" என்று ஒரே வரி. ஊரில் யாருடைய லைன் ஏன் அறுந்தது என்று பன்னிரண்டு வருடம் ஆராய்ந்தவன், இந்த ஒரு வரியை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குழப்பம் என்று முன்பு எழுதினேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சிலேயே எங்களுக்கு அறிவிப்பு வந்துவிட்டது. அந்த இரண்டு எண்களையும் இனி மென்பொருளே பார்த்துத் திருத்திக்கொள்ளும். என்னைவிட நன்றாகவே செய்கிறது, நான்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பிரிவில் பதினோரு பேர் இருந்தோம். நாளைக்கு என் கடைசி நாள்.

அப்பா கேட்டபோது "சரிப்பா" என்று சொன்னது அவர் மனம் ஆறுவதற்காக மட்டும் இல்லை. போவதற்கு ஒரு இடம் இருக்கட்டும் என்று எனக்குள்ளே ஒருத்தன் நினைத்தான். உன்னை நினைக்கவே இல்லையா என்று கேட்பாய். நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். அதனால்தான் உடனே வைத்தேன். இதைவிட அசிங்கமாக எழுத எனக்குத் தெரியவில்லை, அக்கா.

இதோடு தான பத்திரம் வைத்திருக்கிறேன். முழுப் பண்ணையும் உன் பெயருக்கு. என் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. பெற்றுக்கொண்டேன் என்று நீ போடவேண்டிய இடம் மட்டும் காலி. அதைப் போட்டு அப்பா கட்டிலருகே வைத்துப் படித்துக் காட்டு. அவருக்குக் கேட்கும் என்று நினைக்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

அப்பாவைப் புதைத்த அன்று நீயும் நானும் ஆறு மணி நேரம் ஒரே அறையில் இருந்தோம். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டோம், தண்ணீர் கொடுத்தோம். பேசிக்கொள்ளவில்லை. நீ கன்றுக் கொட்டகையின் பாதிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

உன் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை.

வீம்பு என்று நினைக்காதே. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஒரு நாள் இல்லை, நாலு நாள். எனக்கு வேண்டியது நிலம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். "இந்தா, உனக்குத்தான்" என்று அவர் சொல்வதைக் கேட்கத்தான் அத்தனை வருடம் நின்றிருக்கிறேன் போல. அது இனிக் கிடைக்காது. நீ கொடுத்து நான் வாங்கினால், பதினேழு வருடமும் நீ போட்ட பிச்சை என்று ஆகிவிடும். நீ அப்படி நினைக்க மாட்டாய். நான் நினைப்பேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உனக்கு வேலை இல்லை. கொடுத்துவிட்டு எங்கே போவாய்? ஒரு மாதம் கழித்து ஒரு பெட்டியோடு இங்கேதான் வந்து நிற்பாய். வெளியே போடா என்று சொல்ல எனக்கு வராது. நீ மாடி அறையில் இருப்பாய், நான் கறப்பேன், நீ எப்போது கிளம்புவாய் என்று பார்த்துக்கொண்டே எனக்கு அறுபது வயதாகிவிடும். இன்னொருத்தருக்காகக் காத்திருந்து பண்ணை நடத்த இனி என்னிடம் தெம்பு இல்லை.

ஆறு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஒரு பெரிய பண்ணை இருக்கிறது, இருநூறு மாடு. கறவைப் பிரிவைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். மாட்டு டாக்டர் என் பேரைச் சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். வால்வை யார் திறப்பது என்று கேட்டேன். "நீங்கதாம்மா" என்றார்கள். செப்டம்பர் ஒன்றாம் தேதி கிளம்புகிறேன். நீ வரும் வரை லாரிக்காரரின் மச்சான் கறப்பார். பத்து நாளைக்குத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார், அதற்குள் வந்துவிடு.

இனி வேலை.

ஒன்பதாம் நம்பருக்கு இடது பின்காம்பு செத்தது, அதில் குழாய் மாட்டாதே. பதினாலு உதைக்கும். பக்கத்தில் போகும்போதே இடுப்பில் கை வைத்துக்கொண்டு போ, திடீரென்று தொடாதே. மூன்றும் எட்டும் ஒன்றாக நின்றால்தான் சாப்பிடும். இருபத்திரண்டுக்கு முதல் ஈற்று, செப்டம்பர் இரண்டாவது வாரம். கன்றின் கால் மட்டும் வெளியே வந்து ஒரு மணி நேரம் அப்படியே நின்றால் மாட்டு டாக்டரைக் கூப்பிடு, நீயாக இழுக்காதே. கூப்பிட வேண்டுமென்றால் சமையலறைக்கு ஓடு. தொட்டி வால்வு கறவை முடிந்ததும் திறக்கவேண்டும், கால்வாசித் திருப்பம் போதும். சுவர் மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். செங்கல் போதுமான அளவு இருக்கிறது.

உனக்குக் கறக்க மறந்திருக்கும். மெஷின்தான் கறக்கிறது, ஆனாலும் புது ஆள் என்றால் மாட்டுக்குத் தெரியும். பாலை அடக்கிக்கொள்ளும். முதல் நாள் பாதிகூட வராது. மெஷின் கெட்டுவிட்டது என்று கழற்றிப் போட்டுக்கொண்டு உட்காராதே. கத்தாதே, அடிக்காதே. மடியை வெந்நீரில் துடைத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் நில். மூன்றாம் நாள் விட்டுவிடும்.

நான் வந்தபோதும் மூன்று நாள்தான். அத்தனையும் அம்மா கைக்குப் பழகின மாடுகள். மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாம் முழுசாகப் பால் விட்டன. அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கை கழுவாமல் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "நல்லது. அவன் வர்ற வரைக்கும் பாத்துக்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். வந்து எடுத்துக்கொள்.

அக்கா